இரண்டாவது பெட்டி யார் வீட்டில்?

தரணிதரன் எந்தப் பொருளையும் கடைக்காரர் சொன்னதற்காக வாங்கியவர் இல்லை. கோயமுத்தூரில் பம்பும் மோட்டாரும் விற்றே தலை நரைத்தவர். விற்கிறவன் வாய் எப்படியெல்லாம் வளையும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் நினைவுப் பெட்டி வாங்க மனைவி மேகலாவைக் கூட்டிக்கொண்டு கிராஸ்கட் ரோட்டுக் கடைக்குப் போனபோதும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

அந்த வருஷம் ஊரே பெட்டி வாங்கிக்கொண்டிருந்தது. மறதி நோய்க்காரர்களின் நினைவுகளைச் சேர்த்து வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனி, அவற்றை விளம்பரக்காரர்களுக்கு விற்றுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. உடனே சட்டம் வந்தது. இனி யாருடைய நினைவும் கம்பெனிக் கிடங்கில் இருக்கக் கூடாது, நாட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது, அவரவர் நினைவு அவரவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்ற கடைகளிலெல்லாம் இப்போது நினைவுப் பெட்டிகள் வரிசையாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன.

மேகலா கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். ஐம்பதைத் தாண்டியதும் மறதி அவளைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் கரைந்து போவதற்குள் இருப்பதையெல்லாம் வாயால் சொல்லி வைத்துவிடச் சொன்னார் டாக்டர். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் நினைவூட்டி அதைப் பதிவு செய்யும். பிறகு தேவைப்படும் நேரத்தில், அவள் குரலிலேயே அவள் காதில் சொல்லும். அடுத்தவர் சொன்னால் அது வெறும் கதை. தன் குரலில் கேட்டால்தான் மூளை அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளும்.

பெட்டியைக் காட்டிய பெண் ரிஸ்வானா, தெளிவாகவே பேசினாள்.

"ஒத்தை டிஸ்க் பெட்டி வேண்டாங்க சார். டிஸ்க் செத்தா எல்லாம் போச்சு. ரெண்டு டிஸ்க் பெட்டி பாருங்க. ஒண்ணுல எழுதுனா அந்த நிமிஷமே இன்னொண்ணுலயும் எழுதிக்கும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு ஓடிட்டே இருக்கும்."

"ஸ்டெப்னி மாதிரி," என்றார் தரணிதரன்.

"ஸ்டெப்னி இல்லீங்க சார். ஸ்டெப்னி டிக்கில சும்மா கெடக்கும். இது கூடவே ஓடும்."

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. நான் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவன்."

ரிஸ்வானா வாதாடவில்லை. வேறு ஒரு பெட்டியைக் காட்டினாள். "என்னைக் கேட்டா இதைத்தான் சொல்லுவேன். ஜோடிப் பெட்டி. ஒண்ணு உங்க வீட்ல, இன்னொண்ணு நம்பிக்கையான வேற ஒருத்தர் வீட்ல. தெனமும் சாயங்காலம் இங்கிருந்து அங்க ஒரு பிரதி போயிரும். இங்க தீப்புடிச்சாலும் சரி, யாராச்சும் தெரியாம அழிச்சுப்போட்டாலும் சரி, அங்க பழசு அப்படியே இருக்கும்."

"அந்த ஆளு தொறந்து கேட்டுட்டா?"

"முடியாதுங்க. அம்மா குரல்தான் பூட்டு. பெட்டிய வச்சிருக்கறவங்க அழிக்கலாம், ஆனா தொறக்க முடியாது. உங்க வீட்டுப் பெட்டிக்கு நீங்கதான் நிர்வாகின்னாலும் உங்களுக்கும் இதே கதைதாங்க."

திறக்க முடியாது, ஆனால் அழிக்கலாம். இந்தச் சட்டத்தை எழுதினவர்களில் ஒருத்தருக்காவது கல்யாணம் ஆகியிருக்குமா என்று தரணிதரன் பிற்பாடு பல தடவை யோசித்தார். அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. அதற்குள் மேகலா முகமெல்லாம் மலர்ந்து சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இன்னொண்ணை அறவாழி சார் வீட்ல வச்சிடலாங்களே! வடவள்ளிதானே. மகளா, கனடால இருக்கா, அங்க அனுப்பவும் முடியாது."

அவ்வளவுதான். ஜோடிப் பெட்டியின் விலையைக்கூடத் தரணிதரன் விசாரிக்கவில்லை. ரெண்டு டிஸ்க் பெட்டியைக் கட்டச் சொன்னார். ரிஸ்வானா வாசல்வரை வந்து, டிஸ்கைக் கழற்றி மாட்டுவதைப் பற்றி என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். காதில் அறவாழி என்ற பெயரைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை.

அறவாழி மேகலாவோடு ஒரே துறையில் வேலை பார்த்தவர், பக்கத்து மேஜை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்று தரணிதரன் தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தார், அதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. நினைவுகளைச் சொல்லி வைக்க ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், அந்த ஆள் கணவனாக இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதே அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. கணவன் கேட்டால் அவனுக்குப் பிடித்த மாதிரிதான் சொல்ல வரும் என்பது அவர்கள் வாதம். "அப்படின்னா யாரை வச்சுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் மேகலா பெயரைச் சொல்லிவிட்டாள். ஒரு பேச்சுக்காவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலைதோறும் அறவாழி வருவார். முன்னறைக் கதவு சாத்தப்படும். தரணிதரன் டீ போட்டு எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே மேகலாவின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும், வார்த்தை புரியாது. ஆனால் சிரிப்பு புரியும். அவரோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே நிற்பார். டீ ஆறிப்போகும். அதைவிடக் கொடுமை, கேட்பவர் காதிலும் ஒரு நினைவூட்டி ஒட்டியிருந்தார்கள். சொன்னது சொன்னவருக்கு, கேட்டது கேட்டவருக்கு என்று சட்டமே இருந்தது. அவருடைய பொண்டாட்டி பேசியதை அந்த ஆள் வாராவாரம் சட்டப்படி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டி வந்ததும் அதுவரை சொல்லி வைத்ததையெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து அதில் ஏற்றினார்கள். அன்றாடம் மேகலா வீட்டில் பேசுவதும் கேட்பதும்கூட அதிலேயே சேர்ந்துகொண்டது. ஒரு காலை, மேகலா குளித்துக்கொண்டிருந்தபோது தரணிதரன் நிர்வாகியாக உள்ளே நுழைந்து பார்த்தார். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று திரையில் ஒரு வட்டம் வந்தது. முக்கால்வாசிக்கு மேல் பச்சை. பச்சைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: அறவாழி. ஓரத்தில் சீவிப்போட்ட மாங்காய்த் தோல் மாதிரி ஒரு சிவப்புக் கீற்று. அதன் பெயர்: தரணி.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்கு இவ்வளவுதானா இடம்? மகள் பிறந்தது, வீடு கட்டியது, அவள் அப்பா செத்தபோது இவர் தோளில் அவள் முகம் புதைத்து அழுதது, எல்லாம் இந்தத் தோலுக்குள்ளா? பச்சையைத் தொட்டார். பூட்டு. சிவப்பைத் தொட்டார். அதுவும் பூட்டு. அடுத்து வந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மேகலா ஜன்னல் பக்கம் பார்த்துச் சும்மா சிரித்தால்கூட, காதில் இப்போது எந்தப் பச்சை ஓடுகிறதோ என்று பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க," என்பாள்.

ஒன்றுமில்லையாம்.

அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக அழிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கொஞ்ச நாள் அந்த ஆள் இல்லாமல் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அதற்குத்தான் ஸ்டெப்னி இருக்கிறதே! பெட்டியிலிருந்து இரண்டு டிஸ்கில் ஒன்றை உருவி, துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார். உள்ளே மிச்சமிருந்த டிஸ்கில் பச்சையை அழித்தார். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று பெட்டி இரண்டு தடவை கேட்டது. மோட்டார் ஷாப்பில் எத்தனை கழற்றி மாட்டியிருக்கிறார்! வேண்டுமென்றால் திருப்பி மாட்டிவிட்டால் தீர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை அறவாழி வந்தார். மேகலா கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். பின்னால் நின்ற தரணிதரனுக்கு உள்ளே மனசு ஒரு குதி குதித்தது. அறவாழி ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரணிதரன் முகத்தைப் பார்த்தார். "தப்பான வீட்டுக்கு வந்துட்டேங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத் தரணிதரன் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

சந்தோஷம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. காபி கொடுத்தால் மேகலா, "நன்றிங்க," என்றாள். ஃபேனைப் போடுவதற்கு முன்னால், "போட்டுக்கட்டுங்களா?" என்று அனுமதி கேட்டாள். அவர் உட்கார்ந்திருக்கும் சோபாவில் உட்காராமல் தனி நாற்காலியைத் தேடினாள். அவர் பெயர் தெரியும், கணவர் என்று தெரியும், மகள் இருக்கிறாள் என்றும் தெரியும். நோய் அவளுக்கு மிச்சம் வைத்திருந்தது அவ்வளவுதான். விருந்தாளி வீட்டில் இருப்பதுபோல் ஒழுங்காக நடந்துகொண்டாள்.

ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "நமக்கு யாருங்க பாத்து முடிச்சாங்க?"

"என்னது?"

"நம்ம கல்யாணத்தைத்தான். அப்பாவா, மாமாவா? யாரோ, நல்ல மனுஷனாத்தான் பாத்து முடிச்சிருக்காங்க."

தரணிதரன் கவளத்தைத் தட்டிலேயே போட்டார். யாரும் பார்த்து முடிக்கவில்லை. அவளுடைய அப்பா அரிவாளை எடுத்தார். ஒரே ஒரு சூட்கேஸோடு அவள் வீட்டை விட்டு வந்தாள். பேரூர்க் கோயிலில் தாலி கட்டிய அன்று அவள் தரப்பில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் அப்பா இவர்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

"நாம லவ் மேரேஜ், மேகலா! எனக்காக நீ வீட்டையே விட்டுட்டு வந்த!"

"அப்படீங்களா?" என்றாள் மேகலா மரியாதையாக. பெரியவர்கள் எதையாவது கூட்டிச் சொன்னால் மறுத்துப் பேசாமல் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?"

அவர் கை கழுவாமலே எழுந்து பீரோவுக்கு ஓடினார். துணியைப் பிரித்து, டிஸ்கைப் பெட்டியில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்தார். பெட்டி வெகுநேரம் உறுமிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதும் திரையைத் திறந்தார். வட்டத்தில் பச்சை இல்லவே இல்லை.

பெட்டியைப் பச்சைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குப் போனார். ரிஸ்வானா அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு டிஸ்க வெளிய எடுத்து வச்சிருந்தீங்களா சார்?"

"ஸ்டெப்னியா இருக்கட்டும்னுதான்."

"அதைத்தாங்க அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னேன். வெளிய போயிட்டு வந்த டிஸ்க பெட்டி நம்பாதுங்க சார். உள்ளயே ஓடிட்டு இருந்ததுதான் நெஜம்னு நெனச்சு, வந்ததை மொத்தமாத் தொடச்சுட்டு அதுமேல இதை எழுதிரும். நீங்க ஒரு டிஸ்க்லதான் அழிச்சீங்க. இன்னொண்ணை மாட்டுனதும் பெட்டியே அதுலயும் அழிச்சிருச்சு."

"எப்படியாச்சும் எடுத்துக் குடு கண்ணு. எவ்வளவு ஆனாலும் பரவால்ல."

"முடியாதுங்க. பூட்டுப் போட்டது, ஒரு தடவை தொடச்சா தூள்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டவர் ஒருத்தர் இருப்பாரே? அவர் காதுல விழுந்தது அவர் பெட்டில இருக்கும். அவர் மனசு வச்சா பிரதி எடுக்கலாம். ஆனா அவர் மூச்சு, இருமல் எல்லாம் சேந்துதான் வரும். அதை நறுக்கி எடுத்தா சட்டப்படி அது அம்மா நினைவே இல்ல, நாம செஞ்சதா ஆயிரும்."

அது தரணிதரனுக்குத் தெரியாத விஷயமில்லை. வேறு வழி ஏதாவது இருக்காதா என்று பார்க்கத்தான் அவர் கடைக்கே வந்திருந்தார்.

வடவள்ளியில் அறவாழியின் வீடு முழுக்கத் தொட்டிச்செடி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"பெட்டி கெட்டுப்போச்சு," என்றார் தரணிதரன்.

"தானாவா?"

பொய் நாக்கு நுனிவரை வந்து அங்கேயே செத்தது. "நான்தான் அழிச்சேன். முக்காவாசி உங்க பேர்ல இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் கூட இருந்த எனக்கு ஒரு கீத்து. எந்தப் புருஷன் பொறுப்பான் சொல்லுங்க?"

அறவாழி அவரையே பார்த்தார். "என் பேர்ல இருந்துச்சுன்னா, என்னைப் பத்தி இருக்குதுன்னு நெனச்சீங்களா?"

"பின்னே?"

"யார்கிட்ட சொன்னாங்களோ அவங்க பேர்லதான் வைப்பாங்க சார். கேட்டவன் பேரு அது. அது போனதும் நான் யாருங்கறதும் கூடவே போச்சு. அந்தக் கீத்து, அவங்க உங்ககிட்ட நேராப் பேசுனது. பால் வந்துச்சா, கரண்டு பில் கட்டியாச்சான்னு." எழுந்து போய்த் தன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். "அவங்களக் கேக்காம இதைப் போடறது தப்பு. ஆனா எதை அழிச்சீங்கன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்."

மேகலாவின் குரல் அறை முழுக்க வந்தது. பழைய குரல், அவசரக்காரக் குரல்.

"...ஹாஸ்டல் போர்வெல் மோட்டார் நின்னுபோச்சு சார். சரிபண்ண வந்தாரு. சேத்துல மல்லாக்கப் படுத்துட்டு, நான் டார்ச் அடிச்சுட்டு நிக்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. மோட்டார்கிட்டயே பேசிட்டு இருக்காரு. 'வா கண்ணு, கொஞ்சம் சுத்து கண்ணு, ஏன் அடம்புடிக்கிற'ன்னு. ஒரு மோட்டாரையே இப்படித் தாங்கறவன் பொண்டாட்டிய எப்படித் தாங்குவான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். இதை அவர்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. சொன்னா தலைக்கேறிரும். இப்பப் பாருங்க, டீயோட கதவுக்கு வெளிய நிப்பாரு. அவருக்கு உங்க மேல அத்தனை பொறாமை! இந்த வயசுலயும் எனக்காக ஒருத்தர் பொறாமைப்படறாருன்னா, நான் எவ்வளவு குடுத்து வச்சவ..."

பிறகு அந்தச் சிரிப்பு. கதவுக்கு வெளியே நின்று அவர் வயிறெரிந்து கேட்ட அதே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும், மிக அருகில், ஒரு ஆணின் நீண்ட பெருமூச்சு.

அறவாழி சட்டென்று நிறுத்தினார். காது சிவந்திருந்தது.

"வாராவாரம் வந்து உங்களப் பத்தியேதான் கேட்டேன் சார்," என்றார், செடிகளைப் பார்த்துக்கொண்டு. "பொறாமையா இருந்துச்சு, சொல்றதுக்கென்ன. அழிச்சிரலாம்னு எத்தனையோ தடவை தோணியிருக்கு. என் பெட்டி, நான் கேட்டது. யாரும் ஏன்னு கேக்க முடியாது."

"ஏன் அழிக்கல?"

"அது அவங்களோடதாச்சே."

தரணிதரனுக்கு அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட மோசம், அந்த அவமானத்துக்கு நடுவிலும் பொறாமை கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. இவ்வளவு நாளாக அந்த ஆள் தன் மனைவியைக் கவர்ந்துவிடுவாரோ என்று பயந்தார். இப்போது அந்த ஆள் தன்னைவிட நல்லவர் என்று வேறு தெரிந்துபோயிற்று.

அந்த வாரமே ஜோடிப் பெட்டி வாங்கினார். ரிஸ்வானா வந்து, அறவாழியின் சம்மதத்தோடு அவர் பெட்டியிலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது பெட்டி அறவாழி வீட்டு அலமாரியில், மணி பிளான்ட் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பிரதி ஏறிய மறுநாள் காலை மேகலா காபியோடு சோபாவுக்கு வந்தாள். தனி நாற்காலியைத் தேடவில்லை. அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காதில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"மோட்டாரு நல்லா சுத்துதுங்களா?" என்றாள்.

தரணிதரன் அவள் பக்கம் திரும்பினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையைச் சாய்த்து இன்னும் கேட்டாள். பிறகு புருவம் சுருங்கியது.

"ஏங்க, கடைசில யாரோ பெருமூச்சு விடறாங்களே. யாருங்க அது?"

ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயருக்கு அவர் பட்டிருக்கும் கடனுக்கு அது வட்டிகூட ஆகாது. தரணிதரன் வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றார்.

"நீங்களா? கதவு சாத்தியில்ல இருந்துச்சு?"

"வெளிய டீயோட நின்னுட்டு இருந்தேன்."

மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். "பொறாமை புடிச்ச மனுஷன்!" என்று அவர் தோளில் அடித்தாள். அந்தப் பெருமூச்சை மறுபடி போட்டுக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "எவ்வளவு ஆசை வச்சிருந்தா இப்படி மூச்சு வரும்," என்றாள்.

தரணிதரன் காபியை எடுத்துக் குடித்தார். அவள் காதுக்குப் பின்னால் நினைவூட்டி எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வழக்கம்போல வடவள்ளிக்குப் பிரதி போயிற்று. அவர் சொன்ன பொய்யும் அதோடு போய், அறவாழியின் அலமாரியில் பத்திரமாகச் சேர்ந்தது. அறவாழியால் அதைத் திறக்க முடியாது. அழிக்கலாம். ஆனால் அவர் அழிக்க மாட்டார்.